பாதைக்காரனின் அரை மணித்தியாலம்

ஒரு ஆள் ஏறினாலே பாதைக்காரன் வாவியில் பாதையை எடுத்துவிடுவான். ஒரே ஒரு ஆள். கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தாலும் சரி, கொப்பிப் பையோடு ஒரு சின்னப் பிள்ளை வந்தாலும் சரி, "ஏறுங்க, போவம்" என்பான். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது எல்லாருக்கும் தெரியும். "கொஞ்சம் நில்லன் மச்சான், அவனும் வரட்டும்" என்று ஏறியவரே சொல்லுவார். நிற்கமாட்டான். "அவருக்குத் திரும்ப வருவன். ஒரு ஆளும் ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பான். சொன்னபடி அக்கரையில் கிழவரை இறக்கிவிட்டு வெறும் பாதையோடு திரும்பியும் வருவான். பாதையை நடத்திய முதலாளி டீசல் வீணாகிறது என்று துறையில் நின்று கத்துவார். இவன் காதில் ஏறாது.

இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகைத் தட்டு அடித்து, ஆளும் மாடும் மோட்டார் சைக்கிளுமாய் வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கிழக்கே எழுவான்கரை. அங்கே ஊர், கடை, ஆஸ்பத்திரி, என் வீடு. மேற்கே படுவான்கரை. அங்கே வயலும் குளமும் காடும், நான் படிப்பித்த பள்ளிக்கூடமும். காலையில் ஒரு தரம், பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு தரம் என்று இருபத்தாறு வருசம் அந்தத் தட்டில் நின்று கடந்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் அவனோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரைக் கொன்றவன் அவன் என்று ஊர் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவனும் அதையே சொன்னான். நான் சொல்லித்தான் ஊர் சொன்னது, ஊர் சொல்லித்தான் அவன் நம்பினான். அது உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனிடம் போய் அதைச் சொல்லிவிடவேண்டும் என்று பதினெட்டு வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதைக்காரன் என்றே இருக்கட்டும்.

முந்தி அவன் இப்படிப்பட்டவன் இல்லை. முந்தி அவன் வாயில் இருந்தது ஒரு சொல்தான்: "நெறையட்டும்." தட்டு நிறைந்தால்தான் எடுப்பான். வெயிலில் சனம் காய்ந்து கருவாடாகும். இவன் பூவரச மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருப்பான், பக்கத்தில் ஒரு போத்தல். நான் அவனை ஏசாத கிழமை கிடையாது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், பள்ளிக்கூட அதிபருக்கும் தெரியும். அவன் வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரிப்பான். "தண்ணி எங்கயும் ஓடிப்போகாது ரீச்சர்" என்பான். அக்கரையிலிருந்து சனம் கூக்காட்டிக் கூப்பிடும்போது நிமிர்ந்தும் பார்க்கமாட்டான். சீட்டைப் பார்த்தபடியே ஒரு கையைத் தூக்கிக் காட்டுவான். இருங்க, வாறன் என்று அர்த்தம்.

அன்றைக்கும் அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டினான்.

அன்று சனிக்கிழமை. படுவான்கரையில் எங்கள் வயல் வட்டையில் கதிர் பறியும் காலம். கணவருக்குக் காலைச் சோறு கொண்டு போயிருந்தேன். வரம்பில் நடந்து வந்தவரின் காலில் புடையன் பாம்பு கடித்தது. உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு அவரைப் படுக்கவைத்து, நானும் வேலையாளும் துறைக்குக் கொண்டுவந்தோம். பாதை எழுவான்கரையில் நின்றது. வேலையாள் தொண்டை கிழியக் கூக்காட்டினான். சாரத்தை அவிழ்த்துத் தலைக்கு மேலே வீசினான். பூவரசுக்குக் கீழிருந்து அந்தக் கை மட்டும் எழும்பிற்று. அரை மணித்தியாலம் கழித்துத்தான் பாதை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். இது ஊர் அறிந்த கதை. இதில் பொய் ஒன்றும் இல்லை.

செத்த வீட்டுக்கு அவன் வந்தான். படலைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பிப் போனேன். சனம் வழிவிட்டது. "அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தா என்ட மனிசன் இருந்திருப்பார். நீதான் கொன்ன. உன்ட கையாலதான் கொன்ன" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். அவன் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வந்த வழியே போய்விட்டான்.

ஊர் அறியாத கதை இதுதான். பாம்பு கடித்தது காலை எட்டு மணிக்கு. நாங்கள் துறைக்கு வந்து சேர்ந்தது பன்னிரண்டு மணிக்கு. வட்டையிலிருந்து துறைக்கு மெசினில் முக்கால் மணித்தியாலம். மிச்சம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நாங்கள் காட்டோரம் விசகடி வைத்தியம் பார்க்கிற ஒரு பரிசாரியார் வீட்டில் இருந்தோம். கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போவம் புள்ள" என்று இரண்டு தரம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாவிக்கு அங்கால, பரிசாரியார் கூப்பிடு தூரத்தில் என்றேன். பரிசாரியார் மந்திரம் சொல்லி, வேப்பங்குழையால் தடவி, பச்சிலை அரைத்துக் காலில் அப்பிக் கட்டினார். விசம் இறங்கிவிட்டது, பயப்படாதே என்றார். நானும் பயப்படாமல் இருந்தேன். கணவரின் பல் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியபிறகுதான் மெசினை எடுக்கச் சொன்னேன்.

துறையில் பாதைக்குக் காத்திருந்த அந்த அரை மணித்தியாலத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலையாள் கூக்காட்டிக்கொண்டிருந்தான். நான் வாவித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அவர் காலில் இருந்த பச்சிலையைக் கழுவினேன். நகத்துக்குள் இருந்ததைக்கூட ஈர்க்கால் சுரண்டி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் கடித்து எவ்வளவு நேரம் என்று கேட்டபோது, "இப்பதான், நேரே வாறம், பாதைக்குத்தான் காத்துக்கிடந்தம்" என்றேன். மரண விசாரணைக்கு வந்தவரிடமும் அதையே சொன்னேன். அழுதுகொண்டு சொன்னதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. வேலையாளிடம் சத்தியம் வாங்கினேன். அவன் பிறகு வேறு ஊருக்குக் குடி பெயர்ந்து அங்கேயே செத்துப்போனான்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். என் தகப்பனார் உபதேசியார். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய எங்கள் சேர்ச்சில் மூன்று தலைமுறையாக எங்களுக்கென்று ஒரு வாங்கு இருந்தது. மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பேய்க்குப் பார்ப்பது, நூல் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். அப்படிப்பட்டவள் புருசனை மந்திரிக்கக் கொண்டுபோய்ச் சாகடித்தாள் என்று ஒரு சொல் வந்தால் அந்த வாங்கில் எப்படி உட்காருவது? இதுதான் காரணம். இவ்வளவு அற்பமான காரணம்தான்.

மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். துறைக்குப் போனபோது வேறு யாரும் இல்லை. நான் தட்டில் கால் வைத்ததும் அவன் கயிற்றை அவிழ்த்தான். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறான், என்னைக் கண்டு பயம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் எடுக்கிறான் என்று. சீட்டு போய்விட்டது, பூவரச மரத்தடி போய்விட்டது. ஆனால் போத்தல் கூடிப்போயிற்று. காலையிலேயே கண் சிவந்திருக்கும். இரண்டு தரம் தட்டிலிருந்து தண்ணீருக்குள் விழுந்து சனம் தூக்கிப் போட்டது. பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். அவன் அழிந்துகொண்டிருந்தான், நான் தினம் இரண்டு தரம் அதைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவன் குடித்துச் செத்தால் கணக்குச் சரி என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

சாகவில்லை. அந்தக் காலத்தில்தான் துறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு ஒரு சபை வந்தது. கையைத் தட்டிப் பாடுவார்கள், அழுவார்கள், அந்நிய பாஷை பேசுவார்கள். எங்கள் சேர்ச் ஆட்களுக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். நானும் அவர்களை அல்லேலூயாக் கூட்டம் என்றுதான் சொல்வேன். ஒரு நாள் விடியக் காலை நான் துறைக்குப் போனபோது பாதை சும்மா நின்றது, பாதைக்காரனைக் காணவில்லை. பார்த்தால் பத்து யார் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய் நிற்கிறான். பாஸ்டர் அவன் மூக்கைப் பொத்தி முழுக்காட்டினார். எழும்பி வந்தவன் கரையில் நின்ற என்னைக் கண்டான். துவாயைக்கூட வாங்கவில்லை. சொட்டச் சொட்ட ஓடிவந்து தட்டில் ஏறி, "மன்னிக்கணும் ரீச்சர், பிந்திப்போச்சு" என்று கயிற்றை அவிழ்த்தான். ஞானஸ்நானத் தண்ணீர் வழிய வழிய என்னை அக்கரைக்குக் கொண்டுபோனான். அவன் முகத்தைப் பார்த்தேன். நித்திரை கொண்டு எழும்பிய குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நான் எப்போது மறுபடி குடிப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்தவள் ஏமாந்ததுதான் மிச்சம். பெண்சாதி திரும்பி வந்தாள். வெற்றிலையையும் விட்டான். பெருவெள்ளம் வந்த வருசம், பாதை ஓட்டக்கூடாது என்று தடுத்திருந்த நாளில், படுவான்கரையில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோக்காடு கண்டுவிட்டது. மோட்டார் தண்ணீரில் அணைந்துபோயிற்று. தனியாளாய்க் கம்பூன்றி, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி, இரண்டு மணித்தியாலம் போராடி அவளை இக்கரைக்குக் கொண்டுவந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கிற்று. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் துறையில் முழங்காலில் விழுந்து அழுதான். அதை நானும் பார்த்தேன். நல்ல மனிசன்தான். நல்ல மனிசன் ஆகிவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் சேர்ச்சிலும் பாவ அறிக்கை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்த்து வாசிப்போம். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் குற்றம் செய்தோம் என்று நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது யார் எதற்குச் சொல்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நானும் சத்தமாகத்தான் வாசிப்பேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது எல்லாம் போட்ட இடத்தில் அப்படியே இருக்கும். ஐம்பது வருசம் வேதம் வாசித்தவள் நான். நேற்றைக்குத் தண்ணீரில் முழுகின குடிகாரனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஆண்டவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆண்டவருக்கு நியாயம் தெரியாதா என்று கேட்டிருக்கிறேன். கிடைக்காததற்குக் காரணம் எனக்கே தெரியும், ஆனாலும் கேட்டேன்.

அந்தச் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம். முந்தி நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார் என்று ஒவ்வொருவராக எழும்பி எல்லாருக்கும் முன்னால் சொல்லவேண்டும். பாதைக்காரனின் சாட்சி அங்கே பேர்போனது. புது ஆட்கள் வந்தால், வெளியூர்ப் பாஸ்டர் வந்தால், கன்வென்சன் வைத்தால் அவனைத்தான் எழுப்புவார்கள். ஒலிபெருக்கி துறையைப் பார்த்துக் கட்டியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகிற வழியில் என் காதிலும் விழும். "ஒரு தாய்ட தாலியை நான் அறுத்தன்" என்று தொடங்குவான். அந்தத் தாய் நான்தான். முதல் வருசம் கேட்டபோது அரை மணித்தியாலம் என்று சரியாகத்தான் சொன்னான்.

சாட்சி வருசத்துக்கு வருசம் வளர்ந்தது. சனத்தின் கண்ணீரைக் கண்டால் யாருக்கும் நாக்குக் கொஞ்சம் நீளும், அவனைக் குறை சொல்லமுடியாது. அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. என் கணவர் கரையில் கிடந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதாகச் சேர்ந்தது. அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் இரண்டாயிற்று. ஒரு உயிர்த்த ஞாயிறன்று வெள்ளைச் சேலையோடு நான் துறையைக் கடந்து போகும்போது ஒலிபெருக்கியில் அவன் குரல் உடைந்து சொல்லிற்று: "மூண்டு மணித்தியாலம் அந்த மனிசன் கரையில கிடந்தார். நான் சீட்டாடினன்." கால் அப்படியே நின்றுவிட்டது. என்னுடைய மூன்று மணித்தியாலம் அது. பரிசாரியார் வீட்டு முற்றத்தில் நான் இருந்த மூன்று மணித்தியாலம். ஒருவருக்கும் தெரியாத அதை அவனாகவே தேடிக் கண்டுபிடித்து எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. அன்றைக்கு நான் சேர்ச்சுக்குப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு சொல்லிவிடலாம் என்று பல நாள் வாயெடுத்தேன். தட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கிற நாட்கள் எத்தனையோ வந்தன. நான் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினால் போதும், "ஸ்தோத்திரம் ரீச்சர்" என்பான். அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் வராது. ஓய்வு பெற்றேன். அடுத்த வருசமே வாவிக்குக் குறுக்கே பாலம் வந்தது, பாதையை இழுத்துக் கரையில் போட்டார்கள். அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று, பிறகு சிறுநீரகமும் பழுதாயிற்று. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். இனிப் பிந்தினால் சரிவராது என்று ஒரு பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன்.

கதிரையைத் துடைத்துப் போட்டான். முகம் வீங்கி, கை மெலிந்து, ஆனால் அதே வெளிச்ச முகம். பெண்சாதி வெறுந்தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை. பாம்பு கடித்த நேரம், பரிசாரியார் வீடு, பச்சிலை, கழுவின தண்ணீர், டொக்டருக்குச் சொன்ன பொய் என்று ஒன்றும் விடாமல் சொல்லிமுடித்தேன். செத்த வீட்டில் அவனைச் சொன்னதையும் சொன்னேன். பதினெட்டு வருசத்துக்குப் பிறகு என் நெஞ்சில் மூச்சுப் போய் வருவது எனக்கே கேட்டது. ஏசுவான், அல்லது அழுவான், அல்லது அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"அப்ப, கூப்பிட்ட உடனே நான் வந்திருந்தாலும் அவரு தப்பியிருக்கமாட்டாரா ரீச்சர்?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"தப்பியிருக்கமாட்டார். அதச் சொல்லத்தான் நான் வந்த. உன்னில குத்தம் இல்ல."

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த முகத்தில் நான் அதற்கு முன் பயத்தைக் கண்டதில்லை. குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான், பெண்சாதிக்குக் கேட்டுவிட்டதோ என்று. பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தான்.

"ரீச்சர், நான் என்னத்துக்கு ஆண்டவர்ட்டப் போன? அந்த மனிசன்ட உசிருக்காகத்தான் போன. அவருட உசிர நான் எடுத்திட்டன், என்ன மன்னியும் எண்டுதான் தண்ணியில முழுகின. அவரு மன்னிச்சாரு. அத வெச்சித்தான் குடிய விட்ட, அத வெச்சித்தான் என்ட பொஞ்சாதி திரும்பி வந்த. இப்ப வந்து, 'நீ ஒண்டும் செய்யல்ல' எண்டு சொல்றிங்க. குத்தம் செய்யாதவனுக்கு ஆண்டவர் என்னத்துக்கு ரீச்சர்?"

உபதேசியார் மகள் நான், அத்தனை வசனம் தெரிந்தவள், ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதெங்க. நான் சாகப்போறவன். என்ட சாட்சிய எடுத்துப்போடாதெங்க" என்றான். என் கணவரின் மரணத்தை என்னிடமிருந்தே கெஞ்சிக் கேட்டான்.

பிறகு ஜெபிப்போம் என்றான். குசினியிலிருந்து பெண்சாதியையும் கூப்பிட்டான். மூன்று பேரும் கண்ணை மூடினோம். நோயாளியின் குரலா அது, துறையில் கேட்ட பழைய குரல் வந்தது. "ஆண்டவரே, இத்தின வருசத்துக்குப் பிறகு ரீச்சர என்ட வாசலுக்குக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம். என்னில அவங்களுக்கு இருக்கிற கசப்ப இண்டைக்கே எடுத்துப்போடும்" என்று ஜெபித்தான். பெண்சாதி விம்மி விம்மி ஆமேன் சொன்னாள். நான் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தேன். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோன பாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் அன்று சமைக்கவும் இல்லை.

போன வருசம் அவன் செத்துப்போனான். சபையில் பெட்டியை வைத்து ஆராதனை நடத்தினார்கள். சனம் கொட்டிலுக்கு வெளியேயும் நின்றது. படுவான்கரையிலிருந்து எத்தனை பேர், வெள்ளத்தில் பிறந்த அந்தப் பிள்ளைகூட வளர்ந்த குமராய்த் தாயோடு வந்து நின்றது. நான் பின் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். பாஸ்டர் இளம் ஆள். பாதைக்காரனின் சாட்சியை முதலிலிருந்து சொன்னார். பாம்பு, துறை, சீட்டு, மூன்று மணித்தியாலம். சொல்லி முடித்துவிட்டு, "அந்தத் தாய் இண்டைக்கு எங்களோட இருக்கிறாங்க" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. "அம்மா, முன்னுக்கு வாங்க. எங்கட சகோதரன மன்னிச்சிட்டன் எண்டு உங்கட வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

எழும்பி நடந்தேன். மைக்கைக் கையில் தந்தார்கள். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு அவன் கிடந்தான், நெஞ்சில் வேதப் புத்தகம். தலைமாட்டில் அவன் பெண்சாதி. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. இந்த மனிசனை மன்னிக்க ஒன்றும் இல்லை, நீங்கள் மன்னிக்கவேண்டியவள் நான் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் பெட்டிக்குள் கிடக்கிறவன் யார்? அத்தனை வருசம் கூப்பிட்ட கரைக்கெல்லாம் ஓடிய மனிசன் ஒரு குற்றமும் செய்யாமல் ஏமாந்துபோன பேயன் ஆகிவிடுவானா? அவனுக்காகத்தான் இப்படி நினைத்தேனா, பழைய பயம்தான் இப்படி நல்ல முகம் போட்டுக்கொண்டு வந்ததா, எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நான் அவர மன்னிச்சிட்டன்" என்றேன்.

கொட்டில் அதிர்ந்தது. சனம் கையைத் தட்டி அழுதது. அவன் பெண்சாதி ஓடிவந்து என் காலில் விழப் பார்த்தாள், பிடித்துத் தூக்கினேன். ஒரு கிழவி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் போலப் பெரிய மனசு யாருக்கு வரும் என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை என் மானத்துக்காகச் சொன்னேன். அதற்கு இன்றைக்கும் விடியற்காலையில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். கிடைத்ததா இல்லையா, தெரியாது. பெட்டிக்கு முன்னால் சொன்ன பொய், அவன் உயிரோடு இருக்கும்போது என்னிடம் கெஞ்சி வாங்கியது. இதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.